பிள்ளைத்தாய்ச்சியின் சத்தி: எது வழக்கம், எது ஆபத்து?

2009 ஆம் ஆண்டின் நடுப்பகுதியில், வன்னியிலிருந்து வந்த மக்கள் தங்கியிருந்த ஒரு முகாமில் நான் கண்ட சம்பவத்துடன் இந்தப் பாடத்தைத் தொடங்குகிறேன். ஓர் இளம் குடும்பம். கணவன் நெல்லும் உழுந்தும் செய்த கமக்காரன். மனைவிக்கு இரண்டாம் மாதம். காலையில் எழும்பினால் ஓங்காளம், பகல் முழுவதும் சத்தி. "முகாம் தண்ணி ஒத்துக்கொள்ளேல்லை" என்றார் ஒருவர். "முதற்பிள்ளை எண்டால் அப்பிடித்தான்" என்றார் இன்னொருவர். நானும் என் பங்குக்கு ஒரு பிஸ்கற் பக்கற்றைக் கொடுத்து, ஓய்வெடுக்கும்படி புத்தி சொல்லிவிட்டு வந்தேன். அடுத்த கூடாரத்தில் இருந்த வயதான மருத்துவிச்சி ஆச்சி மட்டும் அந்தப் பெண்ணின் நாக்கை நீட்டச் சொல்லிப் பார்த்துவிட்டு, ஒரேயொரு கேள்வி கேட்டார்: "பிள்ளை, கடைசியா எப்ப சலம் போனனி?"

முந்தின நாள் மத்தியானம் என்றாள். அதுவும் கொஞ்சம், தேயிலைச் சாயம் போல. அன்று பின்னேரமே அவளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். சேலைன் ஏற்றினார்கள். ஐந்தாம் நாள் தன் காலால் நடந்து திரும்பி வந்தாள். அடுத்த வருடத் தொடக்கத்தில் பிள்ளை சுகமாகப் பிறந்தது.

அவளைச் சுற்றியிருந்த நாங்கள் எல்லோரும் எத்தனை தரம் சத்தி எடுத்தாள் என்று எண்ணிக்கொண்டிருந்தோம். ஆச்சி சலத்தை எண்ணினார். இந்தக் கட்டுரையில் நான் சொல்ல இருப்பதில் பாதி அந்தக் கேள்விக்குள்ளேயே இருக்கிறது.

இதைப்பற்றி ஒரு குருவானவர் எழுதுவதா என்று சிரிப்பவர்கள் சிரிக்கட்டும். முகாமிலும் உறவினர் வீட்டிலும் தற்காலிகக் கொட்டிலிலும் வாழும் குடும்பங்களில் இந்தச் சத்தி பெண்களின் தனிப்பட்ட காரியமாக ஒதுக்கப்படுவதாலேயே பலர் வீணாகத் துன்பப்படுகிறார்கள். ஆகவே ஆண்களும் இதை வாசிக்க வேண்டும்.

இது ஏன் வருகிறது?

கருவுற்ற பெண்கள் 100 பேரில் 70 முதல் 80 பேருக்கு ஏதோ ஓர் அளவில் வயிற்றைக் குமட்டும். அவர்களுள் பலர் சத்தியும் எடுப்பர். மாதவிலக்குத் தவறிய சில நாட்களிலேயே தொடங்கி, ஏறக்குறைய 9 ஆம் வாரத்தில் உச்சத்துக்கு வந்து, பெரும்பாலானோருக்கு 16 முதல் 20 வாரத்துக்குள் அடங்கிவிடும். காலையில் மட்டும் வரும் என்பது சரியல்ல. பின்னேரத்தில் வருவதும் உண்டு, நாள் முழுவதும் வருவதும் உண்டு. சிலருக்கு, சிறு தொகையினருக்கே, பிள்ளை பிறக்கும்வரை இது நீடிக்கும்.

காரணத்தை நெடுங்காலமாக ஊகித்தே சொல்லிவந்தார்கள். மனப்பயம், பிள்ளையில் விருப்பமின்மை, செல்லம் என்றெல்லாம் படித்தவர்கள்கூட எழுதினார்கள். 2023 ஆம் ஆண்டு டிசம்பரில், மார்லீனா பெய்சோ, ஸ்டீவன் ஓ'ராஹிலி என்னும் ஆய்வாளர்களும் அவர்களுடைய குழுவினரும் 'நேச்சர்' சஞ்சிகையில் வெளியிட்ட ஆய்வு முக்கிய காரணமொன்றைக் காட்டியது. ஜீ.டீ.எஃப். 15 எனப்படும் ஓர் ஓமோன், கருவுற்ற காலத்தில் பெரும்பாலும் பிள்ளையின் பக்கத்திலிருந்து, அதாவது நச்சுக்கொடியிலிருந்து, தாயின் இரத்தத்தில் கலக்கிறது. அது மூளையில் குமட்டலைத் தூண்டும் இடத்தைத் தட்டுகிறது. கருவுறுமுன் எவருடைய இரத்தத்தில் இந்த ஓமோன் குறைவாக இருந்ததோ, அவரையே இது கடுமையாகத் தாக்குகிறது. உறைப்புத் தின்று பழகாதவர் வாயில் பச்சை மிளகாய் பட்டதுபோல என்று வைத்துக்கொள்ளுங்கள். பழகினவருக்கு அதே மிளகாய் ஒன்றும் செய்யாது.

இதை ஏன் இவ்வளவு விரிவாகச் சொல்கிறேன்? "அந்தக் காலத்தில நாங்கள் சத்தி எடுத்துக்கொண்டு வயலுக்குப் போகேல்லையோ?" என்று மருமகளைக் கேட்கும் மாமிமார் நம்மிடையே உள்ளனர். அவர்கள் பொய் சொல்லவில்லை. அவர்களுக்கு அப்படித்தான் இருந்திருக்கும். ஆனால் மருமகளின் உடம்பு வேறு. அவள் நடிக்கவில்லை. பிறப்பது ஆணா பெண்ணா என்று சாத்திரம் பார்க்கவும் இந்தச் சத்தி உதவாது.

இடம்பெயர்ந்த வாழ்க்கை இந்தச் சத்தியை உண்டாக்குவதில்லை. எனினும் அதைக் கூட்டிவிடும் எல்லாம் அங்கே ஒன்றுசேர்ந்து இருக்கின்றன. ஈர விறகுப் புகை, மண்ணெண்ணெய் மணம், ஒரே கூரையின்கீழ் நாலு அடுப்பு, நிரம்பிய மலசலகூடம், மாதக்கணக்காக அதே பருப்பு, விடியற்காலையில் வெறுவயிற்றோடு தண்ணீர் வரிசை. இவற்றைவிட மோசமான ஒன்றைப் பெண்கள் வெளியில் சொல்வதில்லை. மலசலகூடம் தூரத்தில், இருட்டில், கதவில்லாமல் இருக்கும்போது, இரவில் போகாமல் தப்புவதற்காகப் பின்னேரம் தொடக்கம் தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிடுகிறார்கள். சத்தியால் ஒரு பக்கம் நீர் போகிறது, மறுபக்கம் தாமே நீரைக் குறைக்கிறார்கள். பாதுகாப்பான ஒரு வழி இருந்தால் அந்தப் பெண் தண்ணீர் குடிப்பாள். ஆகவே இரவில் கூட்டிப்போக ஓர் ஆளும் ஒரு ரோச் லைற்றும், அதுவும் முடியாவிட்டால் மறைவான மூலையில் மூடியுள்ள ஒரு வாளியும் வேண்டும். மருந்துகளைப்பற்றிப் பேசுமுன் இதைச் செய்யுங்கள்.

வயிற்றை வெறுமையாக விடாதிருத்தல்

சத்தி வரும் என்ற பயத்தில் சாப்பிடாமல் இருப்பதே பெரும்பாலான பெண்கள் செய்யும் பிழை. வெறுவயிறு குமட்டலைக் கூட்டும். காலையில் பாயிலிருந்து எழும்புமுன்னே ஏதாவது உலர்ந்த உணவைக் கொஞ்சம் கொறிக்க வேண்டும். வாட்டிய பாண் துண்டு, மாரி பிஸ்கற், அவல், வறுத்த கச்சான் எதுவானாலும் சரி. முதல்நாள் இரவே ஒரு மூடியுள்ள பேணியில் போட்டுத் தலைமாட்டில் வைத்துவிடுங்கள் (எறும்பும் எலியும் உங்களுக்கு முன்னே எழும்பிவிடும்). தின்ற பின் பத்துப் பதினைந்து நிமிடம் படுத்திருந்து, பிறகு மெதுவாக எழும்ப வேண்டும்.

மூன்று வேளைச் சாப்பாடு இந்த மாதங்களுக்குப் பொருந்தாது. இரண்டு மணித்தியாலத்துக்கு ஒரு தடவை ஒரு கைப்பிடி போதும். சோற்றோடு தண்ணீர் குடியாமல், சாப்பிட்டு அரை மணித்தியாலம் கழித்துக் குடித்தால் வயிறு பாரமாகாது. எண்ணெயில் பொரித்ததும், தாளித்ததும், கருவாடு சுட்ட மணமும் பலருக்கு ஒத்துவராது. ஆறிய உணவு மணம் குறைந்தது. ஆகையால் ஆறிய இடியப்பம், தேசிக்காய்ப்புளி விட்ட கஞ்சி, தயிர் கிடைத்தால் தயிர், அவித்த மரவள்ளி என்று எது இறங்குகிறதோ அதைக் கொடுங்கள். கிளினிக்கில் திரிபோஷா கிடைத்தால் கூழாகக் காய்ச்சாமல், வறுத்துத் தேங்காய்ப்பூவும் சீனியும் சேர்த்து உருண்டையாகப் பிடித்துப் பாருங்கள். கூழ் இறங்காத பலருக்கு உருண்டை இறங்கியதைக் கண்டிருக்கிறேன். இந்தச் சில வாரங்களுக்குச் சமச்சீர் உணவைப்பற்றிப் பிரசங்கம் செய்வதைவிட, உள்ளே நிற்கும் உணவே நல்ல உணவு என்று எடுத்துக்கொள்வது புத்தி.

இஞ்சி நமது அடுக்களையில் உள்ள மருந்து. அது குமட்டலைக் குறைக்கும் என்பதை ஆய்வுகளும் ஏற்றுக்கொள்கின்றன. சத்தியைவிடக் குமட்டலுக்கே கூடுதலாக உதவும். சுண்டுவிரல் நுனியளவு இஞ்சியைத் தட்டிக் கொதிநீரில் போட்டு, நாளுக்கு இரண்டு மூன்று தடவை சிறிது சிறிதாகக் குடிக்கலாம். நெஞ்செரிவு வந்தால் நிறுத்திவிடுங்கள். தேசிக்காயை நகத்தால் கீறி மணப்பது எவருக்கும் கெடுதி செய்யாது. ஆனால் வெற்றிலை போடுவதை என்னால் அப்படி விட்டுவிட முடியாது. வாய் கசக்கிறது, எச்சில் ஊறுகிறது என்று பாக்கும் புகையிலையும் சேர்த்துச் சப்பும் தாய்மார் பலர். புகையிலையும் பாக்கும் வயிற்றிலுள்ள பிள்ளையின் வளர்ச்சியைக் கெடுக்கும்.

சத்தி எடுத்தவுடன் பல்லை விளக்க வேண்டாம். வயிற்றிலிருந்து வந்த புளிப்பு பல்லை இளக்கியிருக்கும். முதலில் தண்ணீரால் வாயை நன்றாகக் கொப்புளியுங்கள், அரை மணித்தியாலம் கழித்துப் பல் விளக்கலாம்.

நீரும் உப்பும்

குடித்த தண்ணீர் எல்லாம் வெளியே வந்துவிடுகிறது என்று சொல்பவர்கள் பெரும்பாலும் ஒரு கோப்பையை ஒரே மூச்சில் குடித்தவர்கள். தேக்கரண்டியால் குடிக்க வேண்டும். ஒரு தேக்கரண்டி 5 மில்லிலீற்றர். இரண்டு நிமிடத்துக்கு ஒன்று என்று கொடுத்தால் ஒரு மணித்தியாலத்தில் 150 மில்லிலீற்றர், பத்து மணித்தியாலத்தில் ஒன்றரை லீற்றர் ஆகிறது. பொறுமையுள்ள ஒருவர் பக்கத்தில் இருந்தால் இது நடக்கும். பாட்டிமாரும் பாடசாலைக்குப் போகும் தங்கைமாரும் இதற்கு நல்லவர்கள்.

ஜீவனிப் பக்கற் கிடைத்தால், கொதித்தாறிய ஒரு லீற்றர் தண்ணீரில் ஒரு பக்கற் முழுவதையும் கரையுங்கள். அரைப் பக்கற்றை அரைப் போத்தலில் கரைக்கலாம் என்று கண்மதிப்பில் செய்ய வேண்டாம். பக்கற் இல்லாவிட்டால், அதே ஒரு லீற்றருக்குத் தலை தட்டிய ஆறு தேக்கரண்டி சீனியும், தலை தட்டிய அரைத் தேக்கரண்டி உப்பும் போடுங்கள். உப்புக் கூடிவிடக் கூடாது. கண்ணீரைவிட உவர்ப்பாக இருந்தால் ஊற்றிவிட்டுப் புதிதாகக் கரையுங்கள். இளநீரும், உப்புப் போட்ட சோற்றுக்கஞ்சியும் நல்லவை. வெறும் பிளேன்ரீயை மட்டும் குடித்துக்கொண்டிருப்பது போதாது.

அரிசியைப்பற்றி ஒரு வார்த்தை

இது கமக்காரக் குடும்பங்களுக்கு விளங்கும் விடயம். பல வாரம் சத்தி நீடித்தால் உடம்பில் முதலில் தீர்ந்துபோகும் சத்துக்களில் ஒன்று விற்றமின் பி1. உடம்பில் அதன் இருப்பு இரண்டு மூன்று வாரத்துக்கே போதும். நெல்லில் அது தவிட்டோடு ஒட்டியிருக்கிறது. தீட்டிய வெள்ளைப் பச்சையரிசியில் அது மிகக் குறைவு. 1890களில் யாவாத் தீவில் பணியாற்றிய எய்க்மான் என்ற ஒல்லாந்து வைத்தியர், தீட்டிய அரிசி தின்ற கோழிகள் கால் தள்ளாடி விழுவதையும், தவிடு போட்டதும் எழும்பி நடப்பதையும் கண்டார். 1929 இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. நமது முன்னோர் நெல்லை ஊறவைத்து அவித்தபோது, இந்தச் சத்து தவிட்டிலிருந்து அரிசிக்குள் இறங்கியது. அவர்கள் விற்றமின் என்ற சொல்லை அறியவில்லை, ஆனால் புழுங்கலரிசியை அறிந்திருந்தார்கள்.

சொந்த வயலில் அவித்துக் குத்திய அரிசி உண்டவர்கள் இடம்பெயர்ந்ததும் நிவாரண வெள்ளையரிசிக்கு மாறினார்கள். இப்போது காணிக்குத் திரும்பியவர்களும் கடைப் பச்சையரிசியைவிட்டு மாறாதிருப்பதைக் காண்கிறேன். வீட்டில் பிள்ளைத்தாய்ச்சி இருந்தால் புழுங்கலரிசியைத் தேடுங்கள். வடித்த கஞ்சியை ஊற்றிவிடாதீர்கள். பயறு, கௌபி, கச்சான், முட்டை ஆகியவற்றிலும் இந்தச் சத்து உண்டு. கண் இரண்டாகத் தெரிவதும், நடை தள்ளாடுவதும், பேச்சுக் குழம்புவதும் பி1 அடியோடு தீர்ந்ததன் அடையாளங்களாக இருக்கலாம். அது மூளையைத் தாக்கும் நிலை. நாட்கணக்காகச் சாப்பாடு நிற்காதவருக்குக் குளுக்கோஸ் ஏற்றுமுன் பி1 கொடுப்பது அவசியம் என்பதால், எத்தனை நாளாக உணவு நிற்கவில்லை என்பதை வைத்தியரிடம் தவறாமல் சொல்லுங்கள்.

குளிசைகளைப் பற்றி

இங்கே நம் மக்கள் இரண்டு பக்கமும் பிழை விடுகிறார்கள். ஒரு சாரார் கடையில் 'சத்திக் குளிசை' என்று கேட்டு வாங்கிப் போடுகிறார்கள். மற்றவர் வைத்தியர் கொடுத்ததையும் பிள்ளைக்குக் கூடாதென்று எறிந்துவிடுகிறார்கள்.

பயத்துக்குக் காரணம் உண்டு. 1957 இல் மேற்கு ஜேர்மனியில் விற்பனைக்கு வந்த தலிடோமைட் என்ற மருந்தைக் கருவுற்ற பெண்கள் குமட்டலுக்குப் பாவித்தார்கள். உலகெங்கும் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகள் கை கால் வளர்ச்சி குன்றிப் பிறந்த பின்னரே, 1961 இன் இறுதியில் அது அங்கே மீளப் பெறப்பட்டது. அதன் பிறகு மருந்துகளைச் சோதிக்கும் சட்டங்கள் பல நாடுகளில் இறுகின. ஆகவே கடைக்காரர் எடுத்துத் தரும் குளிசையை விழுங்க வேண்டாம். வைத்தியர் அறிந்து கொடுக்கும் மருந்து வேறு காரியம். விற்றமின் பி6 கருவுற்ற பெண்களின் குமட்டலுக்குப் பல நாடுகளில் முதலில் கொடுக்கப்படுவது. அது போதாவிட்டால், நெடுங்காலம் பாவித்து அறியப்பட்ட வேறு மருந்துகள் இருக்கின்றன. உண்ணாமல் குடியாமல் கிடப்பதைவிட அவை பிள்ளைக்குப் பாதுகாப்பானவை.

போலிக் அசிட் குளிசையை நிறுத்த வேண்டாம். இரும்புச்சத்துக் குளிசை குமட்டலைக் கூட்டினால் ஒளித்து எறியாமல், குடும்பநல உத்தியோகத்தரிடம் வெளிப்படையாகச் சொல்லுங்கள். இரவில் சாப்பிட்டபின் போடச் சொல்லுவார், அல்லது சில வாரம் தள்ளிவைக்கலாமா என்று வைத்தியரிடம் கேட்டுச் சொல்லுவார். அதைத் தேநீரோடு மட்டும் போட வேண்டாம்.

எப்போது பொறுக்கக் கூடாது

100 பேரில் ஒருவர் முதல் மூவர் வரை இந்தச் சத்தி வழக்கமான எல்லையைக் கடந்துவிடுகிறது. ஆச்சியின் கேள்விதான் முதல் அளவுகோல். எட்டு மணித்தியாலமாகச் சலம் போகவில்லையா, அல்லது சாயம்போல் கடுமையாகப் போகிறதா? ஒரு பகலும் ஓர் இரவும் எதுவுமே உள்ளே நிற்கவில்லையா? எழும்பி நின்றால் தலை சுற்றி விழப் பார்க்கிறாளா? கிளினிக் தராசில் நிறை குறைந்துவிட்டதா? 50 கிலோ இருந்த பெண் இரண்டரைக் கிலோ இழந்தால் அது இருபதில் ஒரு பங்கு. அதற்குமேல் காத்திருக்க இடமில்லை. இவற்றில் ஒன்று இருந்தாலும் அன்றைக்கே ஆஸ்பத்திரி. சத்தியில் இரத்தம் வந்தாலும், வயிற்றில் கடும் நோ இருந்தாலும் அப்படியே. 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் அம்புலன்ஸ் இலவசமாக வரும்.

எல்லாச் சத்தியும் பிள்ளைச் சத்தி அல்ல என்பதையும் மறக்க வேண்டாம். காய்ச்சலோடு சத்தி வந்தால் வேறு நோய். 1990களில் வன்னியில் அது பெரும்பாலும் மலேரியாவாக இருந்தது. 2016 இல் இலங்கை மலேரியா அற்ற நாடாக அறிவிக்கப்பட்டது. ஆனால் டெங்கும், வயல் சேற்றில் தொற்றும் எலிக்காய்ச்சலும் இருக்கின்றன. சலம் எரிந்து போனால் சலத்தில் கிருமி. 9 ஆம் வாரம்வரை ஒன்றுமில்லாதிருந்து அதன்பின் முதன்முதலாகச் சத்தி தொடங்கினாலும் வேறு காரணம் தேட வேண்டும். ஐந்தாம் மாதத்தின் பின் கடும் தலையிடி, கண் மின்னுதல், மேல்வயிற்று நோ, முகவீக்கம் ஆகியவற்றோடு வரும் சத்தி இரத்த அழுத்தத்தால் வருவதாக இருக்கலாம். அது தாயையும் பிள்ளையையும் கொல்லக்கூடியது, ஒரு மணித்தியாலமும் தாமதிக்கக் கூடாது.

மிளகாய், வெங்காயத் தோட்டம் செய்பவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். மருந்தடித்த தோட்டத்துக்குள் பிள்ளைத்தாய்ச்சியை விடாதீர்கள். மருந்தடித்த உடுப்பை அவளிடம் துவைக்கக் கொடுக்காதீர்கள். தோட்டத்தால் வந்த பின் குமட்டலோடு எச்சில் ஒழுகி, வியர்த்து, கண் மங்கினால் அது நஞ்சு. நாங்கள் அதை மசக்கை என்று சொல்லி மோர் கொடுத்துக்கொண்டிருக்கக் கூடாது.

சங்கக் கூட்டத்தில் பேசுவதற்கு

மாதர் சங்கமும் கமக்காரர் சங்கமும் ஒன்றாக இருந்து இதைப் பேசினால் நல்லது. நமது குடியிருப்பில் இப்போது முதல் நான்கு மாதத்தில் இருக்கும் தாய்மார் யார், அவர்கள் எல்லோரும் கிளினிக்கில் பதிந்துவிட்டார்களா? எட்டு வாரத்துக்குமுன் பதிவது நல்லது. இடம் மாறி வந்தவர்கள் பழைய அட்டை தொலைந்துவிட்டதென்று வெட்கப்பட்டு நிற்க வேண்டியதில்லை, புதிதாகப் பதியலாம். அவர்களுக்காகத் தண்ணீர் வரிசையில் யார் நிற்பது? இரண்டு மாதத்துக்குச் சமையலை யார் பொறுப்பெடுப்பது? கணவன்மார் அடுப்பு மூட்டப் பழகுவதில் மரியாதைக் குறைவு ஒன்றுமில்லை, 2009 இல் அந்தக் கமக்காரன் பழகினான். மலசலகூடத்துக்குக் கதவு போட எத்தனை தகரம் வேண்டும்? இரவு ஒரு மணிக்கு ஆஸ்பத்திரிக்குப் போக நேர்ந்து, அம்புலன்ஸ் வரப் பாதை இல்லாவிட்டால், பெரிய றோட்டுவரை கொண்டுபோக யாருடைய உழவு இயந்திரம் நிற்கிறது, அதன் திறப்பு யாரிடம் இருக்கிறது?